கவர் மேல் போட்ட பழி

ஆவூர் பக்கத்து டீக்கடைகளில் போன வருஷம் முழுக்க ஒரே விவாதம்தான். தேர்தல் வந்தது, போனது. கோடை மழை வரவில்லை, அதையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை. சந்தனராஜ் வண்டியில் என்ஜினுக்கு மேலே மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா, இல்லையா? இதற்கு விடை தெரியாமல் நாலு ஊர் ஜனங்கள் டீயை ஆற விட்டார்கள்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு. இரண்டே கதவு. பொத்தானை அமுக்கினால் மேல்கூரை மடங்கிப் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். எங்கோ ஐரோப்பாவில் ஒரு என்ஜினீயர், நின்ற இடத்திலிருந்து கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்று தூக்கம் கெட்டுச் செய்த வண்டி. நம் மாவட்டத்தில் அது செண்டை மேளக்காரர்களுக்குப் பின்னால், அவர்கள் நடக்கும் வேகத்தில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு போனது. நடுவில் மச்சினன்மார் ஆடுவதற்காக நின்று நின்று போனது. அந்த என்ஜினீயர் பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பார்.

சந்தனராஜ் குவைத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அந்த ஊரில் அவர் குளிர வைக்காத சுவர் குறைவு. ஒரு பணக்காரர் வீட்டில் கார் நிற்கிற அறைக்கே ஏசி இருந்தது. அதைச் சர்வீஸ் பண்ணப் போனபோதுதான் இந்த மாதிரிச் சிவப்பு வண்டி ஒன்று தனியாகக் குளிரில் நிற்பதைப் பார்த்தார். அவர் தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர். ஏசி இருந்தது, ஓடாது. ஏசி மெக்கானிக்குகள் அறை ஏசியை ரிப்பேர் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

ஊருக்கு ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது, வீட்டில் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. மனைவி ஜெபமாலையம்மாளுக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷமும் போனில் நடந்த பேச்சு மொத்தத்தையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அங்க மழையா, இல்லை, நான்சி படிக்கிறாளா, படிக்கிறா. மகள் நான்சி படித்து முடித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூர் போய்விட்டாள். அதனால் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் சாப்பிட வந்தால் எப்படி அப்பளம் பொரித்து, முட்டை அவித்து, தள்ளி நின்று பார்ப்பாரோ அப்படித்தான் புருஷனுக்கும் ஜெபமாலையம்மாள் இலை போட்டார். அவரும் சாமியார் மாதிரியே, போதும்மா, நல்லாருக்கு என்று சொல்லி எழுந்தார்.

இந்த நிலைமையில்தான் காரைக்குடியில் ஒருவர் வேகத்தடைகளுக்குப் பயந்து விற்ற வண்டியை வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது திட்டம். ஜெபமாலையம்மாள் சுற்றி வந்து பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். "ஒரு நெல்லு மூட்டகூட ஏறாதேங்க" என்றார். புருஷன் ஊர் திரும்பிய பிறகு சாப்பாட்டைப் பற்றி இல்லாமல் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

முதல் கல்யாணத்தன்று பூ அலங்காரம் செய்கிற ஆள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வண்டி எங்கே, வண்டி எங்கே என்கிறார்கள். ஜெபமாலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பூவ இங்கிட்டு எடுத்தாங்க" என்றார்.

மாதா சப்பரத்துக்குப் பூக்கட்டுகிறவர் அவர். கணவர் இல்லாத அத்தனை வருஷமும் திருவிழாவுக்குத் திருவிழா கட்டியவர். சப்பரம் கட்டுவதில் ஒரு சட்டம் உண்டு: எந்த இடத்திலும் மரம் வெளியே தெரியக் கூடாது. சரத்துக்கும் சரத்துக்கும் நடுவே விரல் நுழைந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். மாதாவுக்கு வெறும் மரத்தைக் காட்டுவது மரியாதை இல்லை. அந்தச் சட்டத்தை அப்படியே காருக்குக் கொண்டுவந்தார். மல்லிகையும் சம்பங்கியும் பாய் மாதிரி பின்னி, போனட் மேலிருந்து முன்பக்க கிரில் மறையத் தரை வரைக்கும் இறக்கினார். சந்தனராஜ் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நூல் பிடித்தால் சும்மா நிற்க முடியாது, ஏதாவது பேசத்தான் வேண்டும். "அங்க பூவெல்லாம் கெடைக்குமா?" என்று ஜெபமாலையம்மாள் கேட்டார். எல்லாம் பிளாஸ்டிக் பூதான், அதைத் துடைக்கிறதுக்கே ஒரு ஆள் சம்பளத்துக்கு இருந்தான், துடைக்கும்போது மோந்து பார்த்துக்குவான் என்றார் சந்தனராஜ். அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பில் ஒரு முடிச்சுத் தவறி, அதை அவிழ்த்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாக் கல்யாணத்துக்கும் அந்த அம்மாள்தான். விடிவதற்கு முன்னே இரண்டு பேரும் கீரமங்கலம் பூச்சந்தைக்குப் போவார்கள். வந்து உட்கார்ந்து கட்டுவார்கள். இவர் நூல், அவர் பூ. பணக்காரர் வீட்டுக் கார் ஏசியில் நின்ற கதை, ஒரு மழைக்காலத்தில் வீட்டுச் சுவர் இடிந்ததை அவர் போனில் சொல்லாமல் மறைத்த கதை, இவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததை மறைத்த கதை, எல்லாம் பூவோடு சேர்ந்து கட்டப்பட்டன. மாப்பிள்ளை வீட்டார் வண்டியைக் கேட்டு வரவில்லை, "அந்தப் பூ போட்ட வண்டி" என்று கேட்டு வந்தார்கள். இதில் சந்தனராஜுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு, வெயில் ஏறியதும், வண்டி கொதித்தது.

முதல் தடவை கீரனூரில். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போனட் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. சாம்பிராணி போடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பெண்கள் கும்பிட்டார்கள். மாப்பிள்ளை மீதித் தூரத்தை நடந்து போனார். இரண்டாவது தடவை குடுமியான்மலையில். அங்கே மாப்பிள்ளையின் தாய்மாமன் கும்பிடவில்லை. முதல் பயணமே பாதியில் நின்றால் குடும்பம் எப்படி விளங்கும் என்று நடுத்தெருவில் கேட்டார். கல்யாண வண்டித் தொழிலில் டயர் தேயலாம், பெயிண்ட் உரியலாம், டிரைவர் குடித்திருக்கலாம். நிற்க மட்டும் கூடாது. இன்னும் ஒன்றிரண்டு தடவை நின்றால் எந்த மாப்பிள்ளையும் அதில் ஏற மாட்டான். வண்டி போனால் பூ கட்ட வேலையில்லை. பூ இல்லையென்றால் மறுபடி அப்பளமும் தபால் கார்டும்தான். இந்தக் கணக்கைச் சந்தனராஜ் யாரிடமும் சொல்லவில்லை. லியோனிடம் வண்டியை மட்டும் கொண்டுபோனார்.

புதுக்கோட்டையில் ஃபாரின் வண்டி பார்க்கிற மெக்கானிக் லியோன். அதுவரை இரண்டு ஃபாரின் வண்டி பார்த்திருந்தார், அதில் ஒன்று இதுதான். போனட்டைத் திறந்து, என்ஜின் மேல் அகலமாகப் படுத்திருந்த கறுப்புப் பிளாஸ்டிக் கவரைத் தட்டினார்.

"அண்ணே, மே மாசத்துல ஒங்க மேல கம்பளியப் போத்தி விட்டா ஒங்களுக்கு எப்படி இருக்கும்? அதான் இது. சூடு மேல வரப் பாக்குது, இவன் அமுக்குறான்."

விளக்கம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் விளக்கத்தை யாரும் சோதிப்பதில்லை. கவரைக் கழற்றினார்கள். அடுத்த கல்யாணத்திலும் வண்டி கொதித்தது.

இப்போது டாக்சி ஓட்டும் பெரியகருப்பன் எதிர்க்கட்சி ஆரம்பித்தார். கவர் இல்லாததால்தான் கொதித்தது, அவ்வளவு செலவு பண்ணிச் செய்கிறவன் ஒரு பொருளைச் சும்மாவா வைப்பான், வெளி வெயில் என்ஜினில் படாமல் இருக்கத்தான் அது என்றார். போனட் மூடியிருக்கும்போது வெயில் எப்படி உள்ளே போகும் என்று கேட்டவரை, நீ வண்டி ஓட்டியிருக்கியா என்று கேட்டு உட்கார வைத்தார். கவரை மாட்டினார்கள். கொதித்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கவர் கட்சி, கழற்றுங்கள் கட்சி. இரண்டு கட்சிக்கும் டீ வாங்கிக் கொடுத்தது சந்தனராஜ்.

அவர் படித்த தொழிலுக்கு மரியாதையாக ஒரு பரீட்சையும் நடத்தினார். சூட்டை அளக்கிற துப்பாக்கி ஒன்று குவைத்திலிருந்து கொண்டுவந்தது கிடந்தது. வீட்டு வாசலில் வண்டியை ஓட விட்டு, கவரோடு அளந்தார், கவர் இல்லாமல் அளந்தார். வித்தியாசமே இல்லை. இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டதாக அறிவித்தன. மாப்பிள்ளை ஏறாமல் சூடு எப்படித் தெரியும் என்று லியோன் சொல்ல, பெரியகருப்பனையே மாப்பிள்ளை இடத்தில் உட்கார வைத்து, ஊரை மேளக்கார வேகத்தில் சுற்றி வந்தார்கள். என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது, அசையவில்லை. பெரியகருப்பன் மட்டும் கடைசி வரை எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டு வந்தார்.

பரீட்சைக்கு யாரும் பூ கட்டவில்லை. பூவைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

ஜெபமாலையம்மாள் தன் பங்குக்கு ஒரு வைத்தியம் பார்த்தார். வண்டி ஒவ்வொரு தடவை நின்று அவமானப்பட்ட பிறகும், அடுத்த தடவை பூவைக் கொஞ்சம் கூடுதலாக, இன்னும் நெருக்கமாகக் கட்டினார். மாதா மனசு இறங்குவதற்காக. மாதா மனசு இறங்கினாளோ என்னவோ, காற்று இறங்கவில்லை.

மே மாதத்தில் அரிமளத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார்முகில், பொண்ணு சுடர்விழி. இரண்டு குடும்பமும் பகுத்தறிவுக் குடும்பம். ராகு காலம் எப்போது என்று தவறாமல் விசாரித்து, அந்த நேரத்திலேயே ஊர்வலத்தை வைத்திருந்தார்கள். உச்சி வெயில். பறையாட்டம். சுடர்விழி அன்று விடிவதற்கு முன்னே போன் பண்ணி, வண்டிக்குப் பூ வேண்டாம், அது செடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். கீரமங்கலம் போகக் கிளம்பி நின்ற ஜெபமாலையம்மாள் பையை ஆணியில் மாட்டினார். "மொட்டையா போவுதாக்கும் வண்டி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் கவர் கட்சி ஆட்சி. கவர் மாட்டித்தான் இருந்தது. அரிமளத்துத் தெருக்களில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. பறை அடிப்பவர்கள் வியர்வை சொட்டச் சொட்ட ஆடினார்கள், நின்றார்கள், மறுபடி ஆடினார்கள். சந்தனராஜ் பாதையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தார். முள் நடுவில் இருந்தது. கடைத்தெரு தாண்டியது. நடுவில் இருந்தது. மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி மாப்பிள்ளையும் பொண்ணும் இறங்கிப் போன பிறகும் அவர் இறங்கவில்லை. 

குவைத்தில் வீடு வீடாகப் போய், அரைகுறை அரபியில் அவர் இருபது வருஷம் சொன்னது ஒரே விஷயம். வெளி யூனிட் மேல துணி காயப் போடாதீங்கம்மா, காத்து போகணும். எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பார். ஒரு வீட்டில் கம்பளத்தையே போட்டிருந்தார்கள். அதைக் கையால் தூக்கிக் காட்டி, இதான் சூடு, இதான் சூடு என்று சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்தார். ஜெபமாலையம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நின்னுச்சா?"

அந்தக் கேள்வியில் பயம் இல்லை. நின்றிருக்க வேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. பூ இல்லாமல் போன வண்டி ஒழுங்காகப் போய் வந்ததென்றால் பூவுக்கு என்ன மரியாதை?

"நின்னுச்சு" என்றார் சந்தனராஜ்.

"பின்ன? பூ இருந்திருந்தா மாதா பாத்துருப்பா" என்று சொல்லி, அந்த அம்மாள் உள்ளே போய் அவருக்குச் சோறு போட்டார். அன்றைக்கு அப்பளம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டைத் தன் தட்டிலிருந்து எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

பொய் சொன்னவருக்கு வேலை கூடிவிட்டது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டுக் கட்டினால் வண்டியின் பேர் தெரியுமே என்று சொல்லிப் பார்த்தார். பேரு தெரியிறதுக்கா கல்யாணம் பண்றாங்க என்று கேட்டார் ஜெபமாலையம்மாள். அடுத்த கல்யாணத்துக்கு முன், யாரும் பார்க்காத நேரத்தில், பூப்பாயில் விரலை விட்டு அங்கங்கே ஓட்டை போட்டு வைத்தார். அந்த அம்மாள் அதைக் கண்டுபிடித்தார். ஆடு வாய் வைத்துவிட்டது என்று முடிவு செய்து, கையிலிருந்த சம்பங்கி அத்தனையையும் வைத்து அடைத்தார். ஆட்டையும் திட்டினார். சந்தனராஜும் சேர்ந்து திட்டினார்.

கடைசிக் கல்யாணம் திருமயத்தில். பெரிய இடம். அரிமளத்தில் பட்ட அவமானத்துக்குப் பதிலாக, அதாவது நடக்காத அவமானத்துக்குப் பதிலாக, ஜெபமாலையம்மாள் அதுவரை கட்டாத அளவுக்குக் கட்டினார். இரண்டு அடுக்கு. சப்பரமே கொஞ்சம் பொறாமைப்பட்டிருக்கும். சந்தனராஜ் நூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் சின்ன வயதில் ஆவூர்த் தேர் பார்க்கப் போய்த் தொலைந்துபோன கதையைச் சொன்னார். அவர் கடைசி முடிச்சு வரை கேட்டார். நூலை விடவில்லை.

ஊர்வலம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் முள் நகர ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்த ஒரே வழி வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவது. என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். குவைத்தைக் குளிர வைத்த கை, திருமயத்து மாப்பிள்ளையின் கால்மாட்டில் அனல் காற்றைத் திருப்பிவிட்டது. கோட்டு சூட்டில் மாப்பிள்ளை நனைந்தார்.

"ஏசி போடுங்கண்ணே" என்றார்.

"போட்டுத்தான் இருக்கு தம்பி."

பெருமாள் கோயில் தாண்டுவதற்குள் முள் கடைசிக்குப் போய்விட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி, இறங்கி, பூவை வாரி எறிந்திருந்தால் வண்டி பிழைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மண்டப வாசலுக்கு முந்தின வளைவில் வண்டி ஒரு தடவை இருமியது. அதற்குப் பிறகு எதுவும் செய்யவில்லை. லியோன் வந்து பார்த்துவிட்டு, சூட்டில் என்ஜின் ஹெட் வளைந்துவிட்டது, இனி இதுக்குச் செய்கிற செலவில் வேறு வண்டியே வாங்கலாம் என்றார். போகும்போது, "சொன்னேன்லண்ணே, அந்தக் கவரக் கழட்டியிருக்கணும்" என்றார்.

மறுநாள் காலையில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். பூ இன்னும் மேலேயே இருந்தது. ஜெபமாலையம்மாள் அதை உரிக்க உட்கார்ந்தார். வெளி அடுக்கு நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாள் வாட்டம் மட்டும்தான். உள்ளடுக்கு பழுப்பாக, கூழாக, வேகவைத்த கீரை மாதிரி கையில் ஒட்டியது. கிரில் இருந்த இடத்தில் அதன் வரிவரியான அச்சு பூவில் பதிந்திருந்தது. அந்த அம்மாள் அதை மோந்து பார்த்தார். எருக்குழியில் கொண்டுபோய்ப் போட்டார்.

அந்த வாரமே கார்முகிலும் சுடர்விழியும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். சுடர்விழியின் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், அதே வண்டி வேண்டும் என்றார்கள். வண்டி படுத்துவிட்டது என்று தெரிந்ததும் சுடர்விழி நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

"என்னம்மா இப்படி ஆயிருச்சு. அன்னிக்கு அந்த வெயில்ல ஊரு பூரா சுத்துனோம், ஒரு எடத்துலகூட நிக்கலையே."

ஜெபமாலையம்மாள் காபி டம்ளரை அவள் கையில் கொடுத்தார். "குடி தாயி, ஆறிரும்" என்றார். சந்தனராஜ் வேப்பமரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகும் இரண்டு பேரும் வாசலிலேயே இருந்தார்கள். வண்டி நடுவில் நின்றது.

"கவர்தானங்க காரணம்?" என்றார் ஜெபமாலையம்மாள்.

"கவர்தான்."

"நானும் நெனச்சேன்."

விஷயம் அதோடு தீர்ந்தது. டீக்கடையில் சந்தனராஜ் அதையே சொன்னார். கழற்றுங்கள் கட்சி வெடி போட்டது. லியோன் அதற்குப் பிறகு எந்த வண்டி வந்தாலும் முதலில் கவரைக் கழற்றினார். பெரியகருப்பன் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை, டீக்கடையை மாற்றிக்கொண்டார். மாதா திருவிழாவுக்குச் சப்பரம் கட்டக் கூப்பிட வந்தவர்களிடம் ஜெபமாலையம்மாள் கை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அந்தத் தடவை வேறு யாரோ கட்டினார்கள். அங்கங்கே மரம் தெரிந்தது.

வண்டியை எடைக்குப் போட்டது போக, கவர் மட்டும் வீட்டில் மிஞ்சியது. ஐப்பசி அடைமழையில் தாய்க்கோழி ஒன்று நாய்க்குப் பலியாக, குஞ்சுகள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஜெபமாலையம்மாள் அந்தக் கவரை எடுத்துக் குஞ்சுகள் மேல் கவிழ்த்தார். சூட்டைப் பிடித்து வைக்கும் என்று ஊரே சொன்ன பொருள்தானே.

காலையில் சந்தனராஜ்தான் தூக்கிப் பார்த்தார். எல்லாம் விறைத்துக் கிடந்தன. உள்பக்கத்தைத் தொட்டார். தண்ணீர்ப் பானை மாதிரி ஜில்லென்று இருந்தது. குஞ்சுகளை முறத்தில் அள்ளி எருக்குழிக்குக் கொண்டுபோகும்போது, ஜெபமாலையம்மாள் கதவோரம் நின்று முறத்தைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"சாப்புட்டீங்களா?" என்றார்.

"இல்ல" என்றார் சந்தனராஜ்.

இலை போட உள்ளே போனார். சட்டியில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது.